வேற்றுலகில் உயிர் தேடிய வரலாறு – பகுதி 9: ஷெர்காட்டிக் கல்லின் தாயகம்

1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ச்சிசன் என்னும் சிற்றூரில் சிதறி விழுந்த விண்கல்லில், புரதங்களைக் கட்டும் மூலக்கூறுகளான அமினோ அமிலங்கள் இருந்ததைச் சிரில் பொன்னம்பெருமாவும் அவருடைய குழுவினரும் 1970 டிசம்பரில் வெளியிட்டதைச் சென்ற பகுதி விவரித்தது. இலங்கையின் காலி நகரில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பட்டம் பெற்று, பின்னர் லண்டனிலும் கலிபோர்னியாவிலும் வேதியியலுக்குள் நுழைந்த அந்த அறிஞர், விண்ணில் உயிர் இருந்தது என்று சொல்லவில்லை. உயிருக்கு வேண்டிய மூலப்பொருள்கள் உயிரின் துணையில்லாமலே விண்ணில் விளைகின்றன என்பதே அவர் நிலைநாட்டியது.

புவியின் உயிர்கள் அமினோ அமிலங்களின் இடக்கை வடிவத்தையே தம் புரதங்களில் பயன்படுத்துகின்றன. மர்ச்சிசன் கல்லிலோ இடக்கை, வலக்கை ஆகிய இரண்டு வடிவங்களும் ஏறத்தாழச் சம அளவில் கலந்து கிடந்தன. புரதங்களில் காணப்படாத அமினோ அமிலங்களும் உடனிருந்தன. மனிதக் கை பட்டதாலோ மண்ணின் நுண்ணுயிர்களாலோ அவை கல்லுக்குள் புகுந்திருக்க முடியாது என்பதற்கு அதுவே சான்றானது.

மூலப்பொருள் விண்ணெங்கும் உண்டு என்றால், அதிலிருந்து உயிர் எங்கெல்லாம் எழுந்தது என்ற கேள்வி தானாகவே எழுந்தது. விழுகின்ற கல்லுக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டு, அண்டைக் கோளான செவ்வாயின் தரையிலேயே ஓர் ஆய்வகத்தை இறக்கி மண்ணைச் சோதிப்பது என்று நாசா முடிவு செய்தது. அந்தச் சோதனை உயிரைப் பற்றித் தெளிவாக எதையும் சொல்லாமல் போனதும், அதற்குப் பதிலாக, பீகாரில் நூறாண்டுக்கு மேலாக யாருக்கும் விளங்காமல் கிடந்த ஒரு கல்லின் ஊரைச் சொல்லிவிட்டதும் இந்தப் பகுதியின் பொருள்.

1976 ஜூலை 20

வைக்கிங் 1 கலத்தை, அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டு நிறைவு நாளான 1976 ஜூலை 4 அன்று தரையிறக்குவதே திட்டமாக இருந்தது. ஜூன் 19 அன்று செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய கலம் அனுப்பிய படங்களில், முன்பே தேர்ந்து வைத்திருந்த இடம் கரடுமுரடாகத் தெரிந்ததால், விழாநாளைக் கைவிட்டு வேறிடம் தேடுவதில் இரண்டு வாரத்துக்கும் மேல் செலவிடப்பட்டது. அரசியல் நாள்காட்டிக்குப் பொறியியல் பணியாமல் நின்ற தருணங்கள் விண்வெளி வரலாற்றில் அதிகமில்லை. இது அவற்றுள் ஒன்று.

ஜூலை 20 அன்று, கிரைஸே சமவெளியில், வான்குடையின் உதவியாலும் பின்னுதைப்பு எஞ்சின்களின் உதவியாலும் கலம் நிலையாக இறங்கியது. இறங்கிய செய்தியைச் சுமந்த வானொலிச் சைகை புவியை வந்தடைய ஏறக்குறைய 19 நிமிடங்கள் ஆயின. அதன் இணைக்கலமான வைக்கிங் 2, செப்டம்பர் 3 அன்று, வெகு தொலைவில் உள்ள யுடோப்பியா சமவெளியில் இறங்கியது.

புவியின் நுண்ணுயிர் ஒன்று ஒட்டிக்கொண்டு சென்று, அங்கே தன்னையே செவ்வாய் உயிராகக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக, இரண்டு தரையிறங்குகலங்களும் ஏவப்படுவதற்கு முன் 110 டிகிரி செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் ஒரு நாளுக்கும் மேலாக வைத்து நுண்ணுயிர் நீக்கப்பட்டிருந்தன. உயிரைத் தேடும் கருவி உயிரற்றதாக இருக்க வேண்டும் என்ற அந்த விதி, இன்றுவரை தரையிறங்குகலங்களைக் கட்டுவோருக்குப் பெருஞ்செலவு வைக்கும் விதியாகவே இருந்து வருகிறது.

ஒவ்வொரு கலத்திலும் மூன்று உயிரியல் சோதனைகள் இருந்தன. அவற்றுள் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: ஒன்று, மண் காற்றிலிருந்து கார்பனை எடுத்துத் தன்னுள் சேர்க்கிறதா என்று பார்த்தது, மற்றொன்று, மண்ணுக்கு ஈரமும் ஊட்டமும் கொடுத்து அது வெளிவிடும் வாயுக்களை அளந்தது. மூன்றாவது சோதனையே வரலாற்றில் நின்றது.

கில்பர்ட் லெவினும் பாட்ரிசியா ஸ்ட்ராட்டும் வடிவமைத்த அந்தச் சோதனையின் தத்துவம் எளியது. உணவை உண்ணும் எதுவும் கழிவாக வாயுவை வெளியிடும். ஆகவே உணவிலுள்ள கார்பனைக் கதிரியக்கம் உடையதாக மாற்றிக் கொடுத்தால், வெளிவரும் வாயுவில் கதிரியக்கம் இருக்கிறதா என்று பார்த்தே உண்டவர் உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம். ஜூலை 28 அன்று கலத்தின் கை மண்ணை அள்ளியது. இரண்டு நாள் கழித்துச் சில துளி ஊட்டக் கரைசல் அதன் மேல் சொட்டப்பட்டது.

கதிரியக்க வாயு வேகமாக எழுந்தது.

அடுத்து, அதே மண்ணின் மற்றொரு பங்கை 160 டிகிரி செல்சியசில் மூன்று மணி நேரம் சுட்டு, பின்னர் அதே கரைசலைச் சொட்டியபோது வாயு எழவில்லை. சூட்டில் ஏதோ ஒன்று செயலிழந்துவிட்டது. உயிர் உண்டு என்று அறிவிப்பதற்கு முன்கூட்டியே வகுத்து வைத்திருந்த நிபந்தனைகளை அந்த விடை நிறைவேற்றியிருந்தது என்று லெவின் வாதிட்டார். 2021இல் மறையும் வரை அவர் அந்த நிலையிலிருந்து இறங்கவில்லை.

மண் கைவிட்டது

லெவினுக்கு எதிராக நின்றது மற்றொரு கருவி. கிளாஸ் பீமன் பொறுப்பில் இருந்த அந்தக் கருவி, மண்ணை 500 டிகிரி வரை சூடாக்கி, வெளிவரும் ஆவிகளை நிறைமாலைமானி வழியே செலுத்தி, மூலக்கூறுகளை அவற்றின் எடை வாரியாகப் பிரித்து எண்ணக்கூடியது. நூறு கோடியில் சில பங்கு கரிமச் சேர்மம், அதாவது கார்பனை அடிப்படையாகக் கொண்ட மூலக்கூறு இருந்தாலும் அது காட்டிக்கொடுத்திருக்கும். எளிய குளோரின் சேர்மங்கள் இரண்டைத் தவிர அது எதையும் காட்டவில்லை. அவையும் கலத்தைத் துடைத்த கரைப்பான்களின் எச்சம் என்று ஒதுக்கப்பட்டன.

உண்டவர் இருந்தால் அவருடைய உடலும் இருக்க வேண்டும். உடலே இல்லாத இடத்தில் உணவு எப்படிச் செரித்தது?

விடை சொன்னவர்களுள் பொன்னம்பெருமாவும் ஒருவர். அப்போது மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இருந்த அவர், நான்கு துணையாய்வாளர்களுடன் சேர்ந்து, இரும்பு ஆக்சைடையும் பெராக்சைடுகளையும் ஊட்டக் கரைசலோடு வினைபுரிய வைத்துப் பார்த்து, வைக்கிங் கண்ட வாயு எழுச்சியை உயிரே இல்லாமல் ஆய்வகத்தில் விளைவிக்க முடியும் என்று 1977இல் சயன்ஸ் இதழில் எழுதினார். பெராக்சைடு என்பது உயிர்வளியை மிகையாகச் சுமந்து, கிடைத்ததை எல்லாம் எரித்துவிடும் இயல்புடைய சேர்மம். செவ்வாயின் மேற்பரப்பில் அத்தகைய சேர்மங்கள் இருந்தால், அவை ஊட்டத்தைச் சிதைத்து வாயுவாக்கியிருக்கும். மண்ணிலிருந்த கரிமச் சேர்மங்களையும் முன்பே அழித்திருக்கும்.

விண்ணில் உயிரின் மூலப்பொருளைக் கண்டெடுத்ததற்காகப் புகழ்பெற்ற ஒருவர், செவ்வாயில் உயிர் என்ற முடிவுக்கு அவசரமாகத் தாவாமல், அதற்கு மாற்றான விளக்கத்தைத் தம் கையாலேயே சோதித்துக் காட்டினார் என்பது இந்த வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத செய்தி. அவருடைய விளக்கத்தின் சாரம் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு வேறு வடிவில் வலுப்பெற்றது. 2008இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாயின் வடதுருவப் பகுதி மண்ணில் பெர்குளோரேட் உப்புகளைக் கண்டது. அவையும் உயிர்வளி மிகுந்தவை, சூடாக்கினால் கரிமச் சேர்மங்களை எரிப்பவை. பீமனின் கருவி மண்ணைச் சூடாக்கியபோதே அது தேடிய பொருளை எரித்துக் குளோரின் சேர்மங்களாக்கிவிட்டிருக்கலாம் என்ற ஐயம் அப்போதுதான் எழுந்தது.

1970களின் இறுதியிலோ அந்த ஐயம் எவருக்கும் இல்லை. செவ்வாய் செத்த உலகம் என்று பெரும்பாலோர் முடிவு கட்டினர். அடுத்த அமெரிக்கக் கலம் அங்கே இறங்குவதற்கு 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காற்றின் கைரேகை

ஆனால் பீமனின் கருவி வேறொரு வேலையையும் செய்திருந்தது. மண்ணைச் சுடாத நேரங்களில் அது செவ்வாயின் காற்றை உறிஞ்சி, அதன் கூறுகளை எடை போட்டது. 

அந்தக் காற்று மிக மெல்லியது. மலேசியாவில் டெங்கிலை அடுத்த சிப்பாங் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் விமானங்கள் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கின்றன. செவ்வாயின் தரையில் உள்ள காற்றழுத்தம், அந்த விமானங்களுக்கும் மேலே, புவியில் 30 கிலோமீட்டரைத் தாண்டிய உயரத்தில் நிலவும் அழுத்தத்துக்குச் சமம். அதில் 95 விழுக்காடு கரியமில வாயு, 2.7 விழுக்காடு நைட்ரஜன், 1.6 விழுக்காடு ஆர்கான்.

இந்த விழுக்காடுகளைவிட முக்கியமானவை ஐசோடோப்புகளின் விகிதங்கள். ஒரே தனிமத்தின் அணுக்களில் எடையால் மட்டும் வேறுபடும் வகைகளை ஐசோடோப்பு என்பர். ஆர்கான் 40 என்னும் வகை, பாறையிலுள்ள கதிரியக்கப் பொட்டாசியம் சிதைவதால் பிறக்கிறது. ஆர்கான் 36 கோள் உருவானபோதே உடன் வந்தது. புவியின் காற்றில் முதலாவது இரண்டாவதைப் போல் 296 மடங்கு. செவ்வாயின் காற்றில் ஏறத்தாழ 3,000 மடங்கு. செனான் 129 என்னும் வகைக்கும் செனான் 132க்கும் உள்ள விகிதம் புவியில் ஒன்றை ஒட்டியது, செவ்வாயில் 2.5. நைட்ரஜனிலும், எடை கூடிய வகையின் பங்கு புவியில் இருப்பதைவிட வெகுவாக மிகுந்திருந்தது.

அக்காலத்தில் அறியப்பட்டிருந்த வேறெந்தக் காற்றிலும் இந்த மூன்று விகிதங்களும் ஒன்றுசேர்ந்து காணப்படவில்லை. ஒரு கோளின் கைரேகை முதன்முறையாகப் பதிவாகியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு பொருள் கைவசம் இல்லாததால் அது அட்டவணைகளில் உறங்கியது.

கயை மாவட்டத்தில் விழுந்தது

இங்கே கதை 111 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

1865 ஆகஸ்டு 25 அன்று காலை ஏறக்குறைய 9 மணிக்கு, பீகாரின் கயை மாவட்டத்தில், கல்கத்தாவையும் வடமேற்கு நகரங்களையும் இணைத்த பெருவழிச்சாலையின் மேல் அமைந்த ஷெர்காட்டி என்னும் ஊரை ஒட்டி, உரத்த வெடியோசையுடன் ஒரு கல் வானிலிருந்து விழுந்தது. எடை சுமார் 5 கிலோ. விழுந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அரசு அதிகாரிகளின் கைமாறி அது கல்கத்தாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பெரும்பகுதி பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சேகரத்தில் இடம்பெற்றது.

அதன் துண்டு ஒன்றை வியன்னாவில் ஆராய்ந்த குஸ்தாவ் செர்மாக் 1872இல் இரண்டு புதுமைகளைப் பதிவு செய்தார். பிற விண்கற்களைப் போல் அல்லாமல், எரிமலைக் குழம்பு ஆறிய பாறையைப் போன்று அது இருந்தது என்பது முதலாவது. படிகமாக இருக்க வேண்டிய ஒரு கனிமம், தன் வெளிவடிவம் குலையாமலே கண்ணாடியாகிக் கிடந்தது என்பது இரண்டாவது. அந்தக் கண்ணாடிக்கு, பிரித்தானிய அருங்காட்சியகத்தின் கனிமவியலாளர் மாஸ்கெலின் பெயரால் மாஸ்கெலினைட் என்று பெயர் சூட்டினார். கண்ணாடியானது எப்படி என்பதற்கு அவரிடம் விளக்கம் இல்லை.

விளக்கம் வர 91 ஆண்டுகள் ஆயின. வெடிமருந்தால் பாறையைத் தாக்கிப் பார்த்த ஆய்வு ஒன்று, புவியின் காற்றழுத்தத்தைப் போல் லட்சக்கணக்கான மடங்கு அழுத்தம் கணநேரம் பாய்ந்தால், படிகம் உருகாமலே தன் உள்ளொழுங்கை இழந்து மாஸ்கெலினைட்டாக மாறும் என்று 1963இல் காட்டியது. ஷெர்காட்டிக் கல், அப்படியென்றால், எங்கோ ஒரு பேரடியை வாங்கிவிட்டு வந்திருந்தது.

மலேசிய வாசகர்களுக்கு இத்தகைய பேரடியின் தடம் தொலைவில் இல்லை. பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கில், விண்கல் மோதலால் உடைந்து உருகி மீண்டும் இறுகிய சூவைட் என்னும் பாறைக்குள் கற்கருவிகள் பதிந்திருப்பதை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர்கள் கண்டறிந்தனர். அந்தப் பாறையின் வயது சுமார் 18 லட்சத்து 30 ஆயிரம் ஆண்டுகள் என்று அவர்கள் கணித்தனர். லெங்கோங்கில் அடி விழுந்த இடம் தெரிந்தது. ஷெர்காட்டிக் கல்லுக்கோ அடி விழுந்த இடம் எது என்பதே கேள்வி.

வயது காட்டிய முரண்

ஷெர்காட்டிக்கு உறவினர் சிலர் இருந்தனர். பிரான்சின் ஷாசின்யி ஊரில் 1815 அக்டோபர் 3 அன்றும், எகிப்தின் நக்லாவில் 1911 ஜூன் 28 அன்றும், நைஜீரியாவின் ஸகாமியில் 1962 அக்டோபர் 3 அன்றும் விழுந்த கற்கள் எரிமலைப் பாறையின் சாயல் கொண்டிருந்தன. அவற்றுள் ஸகாமி, ஷெர்காட்டிக்கு உடன்பிறப்பைப் போன்றது. ஆகவே இரண்டும், பின்னர் கிடைத்த அதே இனத்துக் கற்களும் ஷெர்காட்டைட் என்ற பொதுப்பெயரைப் பெற்றன. ஷாசின்யியும் ஸகாமியும் ஒரே தேதியில், 147 ஆண்டு இடைவெளியில் விழுந்தது வெறும் தற்செயல். சோதிடம் பார்ப்பவர்களுக்கு வேண்டுமானால் அது பயன்படலாம்.

1970களில் கதிரியக்கக் கடிகார முறையால் இவற்றின் வயதைக் கணித்தபோது சிக்கல் தொடங்கியது. விண்கற்கள் அனைத்தும் ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை, அதாவது சூரியக் குடும்பத்தின் வயதையே உடையவை என்பது அதுவரை அறியப்பட்ட உண்மை. நக்லாவின் வயதோ 130 கோடி. ஷெர்காட்டியின் கடிகாரம் 20 கோடிக்கும் குறைவாகக் காட்டியது.

விண்கற்களின் பிறப்பிடமாகக் கருதப்பட்ட குறுங்கோள்கள் மிகச் சிறியவை. சிறிய உடல் விரைவில் ஆறிவிடும். 450 கோடி ஆண்டுக்கு முன்பே குளிர்ந்துபோன குறுங்கோள் ஒன்றில் நேற்றுப் போன்ற காலத்தில் எரிமலை பொங்கியிருக்க வழியில்லை. வெகுகாலம் சூடு தாங்கக்கூடிய பேருடல் ஒன்று வேண்டும். நிலவின் எரிமலைகளில் பெரும்பாலானவை முன்பே அணைந்துவிட்டன, அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த பாறைகளோடும் இந்தக் கற்கள் ஒத்துப்போகவில்லை. வெள்ளியின் அடர்ந்த காற்றைக் கிழித்துக்கொண்டு கல் வெளியேறுவது கடினம். எஞ்சி நின்றது செவ்வாய்.

1979ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹாரி மெக்ஸ்வீன், எட்வர்டு ஸ்டால்பர் உள்ளிட்டோர் இந்தக் கருத்தை எழுத்தில் முன்வைத்தனர். அதை ஏற்கப் பலர் தயங்கியதற்கு வலுவான காரணம் இருந்தது. செவ்வாயின் ஈர்ப்பிலிருந்து விடுபட, கல் ஒன்று நொடிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்பட வேண்டும். அவ்வளவு வேகம் தரும் மோதல், கல்லைப் பொடியாக்கியிருக்கும் அல்லது உருக்கியிருக்கும் என்பது அன்றைய கணக்கு. மேலும், செவ்வாயிலிருந்து கல் வரக்கூடுமானால், அதைவிட அருகில், நொடிக்கு 2.4 கிலோமீட்டர் வேகமே போதுமான நிலவிலிருந்து ஏன் ஒரு கல்கூட வரவில்லை என்ற கேள்விக்கு ஆதரவாளர்களிடம் மறுமொழி இல்லை.

பனியில் கிடைத்த இரண்டு சாட்சிகள்

மறுமொழி அண்டார்க்டிகாவில் இருந்தது. அங்கே விழும் விண்கற்களைப் பனி ஆறுகள் சுமந்து சென்று, மலைகள் மறிக்கும் இடங்களில் காற்று பனியைத் தேய்க்கத் தேய்க்க மேலே கொண்டுவந்து குவிக்கின்றன என்பதை 1969இல் யமாட்டோ மலைப்பகுதியில் ஜப்பானியர் கண்ட ஒன்பது கற்கள் உணர்த்தின. 1976 முதல் அமெரிக்கக் குழுக்களும் ஆண்டுதோறும் தேடின.

1982 ஜனவரி 18 அன்று ஆலன் குன்றுகளில் 31 கிராம் எடையுள்ள ஒரு சிறு கல் கிடைத்தது. அப்பல்லோ பாறைகளை அறிந்தவர்களுக்கு அதை அடையாளம் காண நேரம் பிடிக்கவில்லை. 1983 மார்ச்சில் ஹூஸ்டனில் கூடிய மாநாட்டில் அது நிலவின் கல் என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை. பெரிய உலகம் ஒன்றிலிருந்து கல் சிதையாமல் வந்து சேரும் என்பது அதன்பின் வாதத்துக்குரிய செய்தியாக இல்லை. செவ்வாய்க் கருத்தை மறுத்தவர்களின் முதன்மையான ஆயுதம் அந்த 31 கிராமால் பறிபோனது.

இரண்டாவது சாட்சி 1979-80 பருவத்திலேயே எலிபன்ட் மொரெயின் என்னும் இடத்தில் எடுக்கப்பட்டிருந்தது. எடை ஏறத்தாழ 8 கிலோ, ஷெர்காட்டைட் இனம், பட்டியல் பெயர் இ.இ.டி.ஏ. 79001. அதற்குள் ஆங்காங்கே கறுத்த கண்ணாடிக் குமிழ்கள் இருந்தன. ஷெர்காட்டியின் மாஸ்கெலினைட்டைப் போல உருகாமல் ஆன கண்ணாடி அன்று அது. அடியின் சூட்டில் உண்மையாகவே உருகி, நொடிப்பொழுதில் இறுகிய கண்ணாடி.

நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் டொனால்டு போகார்டும் பிராட் ஜான்சனும் அந்தக் கண்ணாடியைச் சூடாக்கி உள்ளிருந்த வாயுவை வெளிக்கொணர்ந்தார்கள். அதன் ஆர்கான் பிற விண்கற்களின் ஆர்கானைப் போலவும் இல்லை, புவியின் ஆர்கானைப் போலவும் இல்லை. செனான் 129இன் விகிதம் இரண்டைத் தாண்டி நின்றது. அந்த எண்களுக்கு ஒப்பான எண்கள் ஒரே ஓர் அட்டவணையில் மட்டுமே இருந்தன: ஏழாண்டுகளுக்கு முன் வைக்கிங் கலங்கள் செவ்வாயின் தரையிலிருந்து அனுப்பிய அட்டவணை.

பேரடி விழுந்த கணத்தில் பாறை உருகியது. சுற்றியிருந்த காற்று அழுத்தத்தால் அந்த உருகலுக்குள் திணிக்கப்பட்டது. அடுத்த கணம் அது கண்ணாடியாக இறுகிக் காற்றை உள்ளே பூட்டிக்கொண்டது. செவ்வாயின் காற்றில் ஒரு சிட்டிகை, கண்ணாடிக்குள் அடைபட்டு, பனிக்கண்டத்தில் கிடந்திருக்கிறது.

1983 ஆகஸ்டில் சயன்ஸ் இதழில் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையின் தலைப்பு ஒரு கேள்விக்குறியோடு முடிந்தது. அந்தக் குறியை அகற்றியவர்கள் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு பெக்கரும் ராபர்ட் பெப்பினும். 1984இல் அவர்கள் அதே கண்ணாடியில் எடை மிகுந்த நைட்ரஜனையும் கண்டனர். பின்னர் பெப்பின், கரியமில வாயுவிலிருந்து மிக அரிதான செனான் வரை, அளவில் நூறு கோடி மடங்கு வேறுபடும் வாயுக்களை எல்லாம் ஒரே வரைபடத்தில், ஒரு பக்கம் வைக்கிங் அளந்த அளவும் மறு பக்கம் கண்ணாடி தந்த அளவுமாகக் குறித்தபோது, புள்ளிகள் நேர்கோட்டில் வரிசையாக நின்றன.

கல் பொடியாகாமல் வந்தது எப்படி என்பதற்கும் 1984இல் ஜே மெலோஷ் விளக்கம் தந்தார். மோதலின் அதிர்வலை தரைப்பரப்பை எட்டும்போது திரும்பி எதிரொலித்து, தன்னைத் தானே பெருமளவு தணித்துக்கொள்கிறது. ஆகவே மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கு மட்டும், ஒட்டி அடுக்கிய கேரம் காய்களின் ஒரு முனையைத் தட்டினால் மறுமுனைக் காய் மட்டும் தெறித்து ஓடுவதைப் போல, அதிகம் நசுங்காமலே பெருவேகத்தில் வீசப்படுகிறது.

ஷெர்காட்டியின் ஊரை அறிய, அதன் சொந்தக் கனிமங்களில் இத்தகைய காற்றுப் பொதி தேவைப்படவில்லை. ராபர்ட் கிளேட்டனின் சிகாகோ ஆய்வகம், ஷெர்காட்டி, நக்லா, ஷாசின்யி இனங்களின் உயிர்வளி ஐசோடோப்புகள் ஒரே கோட்டில் அமைவதைக் காட்டி, அவை ஒரே உடலில் பிறந்தவை என்று நிறுவியிருந்தது. உறவினன் ஒருவனின் ஊர் தெரிந்தால் குடும்பத்தின் ஊரும் தெரிந்ததாகிவிடும். 2004இல் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி செவ்வாயின் மெரிடியானி சமவெளியில் தற்செயலாக மோதிச் சென்ற பவுன்ஸ் என்னும் பாறையின் வேதிக் கூறுகள் ஷெர்காட்டைட் கற்களோடு நெருங்கிப் பொருந்தியது, ஏற்கெனவே முடிந்துவிட்ட வழக்கில் கூடுதலாக வந்த ஒரு சாட்சியே.

வைக்கிங்கை மறுபடி எடைபோடுதல்

உயிர் தேடும் கலம் என்ற பெயரில் வைக்கிங் திட்டத்தைத் தோல்வி என்று எழுதும் வழக்கம் பல நூல்களில் உண்டு. அந்தத் தீர்ப்பு அவசரமானது. காற்றை அளக்கும் வேலை வைக்கிங்கின் பட்டியலில் இருந்ததே தவிர, அந்த அளவு புவியில் கிடக்கும் கற்களின் பிறப்பிடத்தைத் தீர்மானிக்கும் என்று 1976இல் எவரும் எதிர்பார்க்கவில்லை. கரிமச் சேர்மம் இல்லை என்று சொல்லி உயிரியல் வழக்கை மூடிய அதே கருவிதான், செவ்வாய்ப் பாறைகள் முன்பே புவியில் இருக்கின்றன என்ற வழக்கைத் திறந்துவிட்டது.

அதன் விளைவு சிறிதன்று. செவ்வாயின் மண்ணைக் கொண்டுவரக் கலம் அனுப்ப முடியாத காலத்தில், கல்கத்தாவிலும் லண்டனிலும் கெய்ரோவிலும் அருங்காட்சியகப் பேழைகளில் செவ்வாயின் துண்டுகள் எண்ணிட்டு அடுக்கப்பட்டிருந்தன என்பது 1984க்குப் பின் தெளிவானது. நக்லா இனக் கற்களில் நீரால் மாற்றமடைந்த களிமண் கனிமங்களும் தென்பட்டன. நீர் பாய்ந்த பாறை கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால், செத்த உலகம் என்ற தீர்ப்பை மறுஆய்வு செய்யக் கலம் ஏதும் தேவைப்படவில்லை, நுண்ணோக்கி போதும்.

இந்தக் கட்டத்தில்தான் இன்னொரு கல் வந்து சேர்கிறது. போகார்டின் கட்டுரை வெளிவந்த மறு ஆண்டில், 1984 டிசம்பர் 27 அன்று, ராபர்ட்டா ஸ்கோர் என்னும் ஆய்வாளர் ஆலன் குன்றுகளின் பனியில் 1.93 கிலோ எடையுள்ள ஒரு கல்லை எடுத்தார். அந்தப் பருவத்தின் பட்டியலில் அதற்கே முதல் எண் தரப்பட்டது. ஆனால் ஹூஸ்டனில் அதை வகைப்படுத்தியவர்கள் டையோஜெனைட் என்று, அதாவது வெஸ்டா என்னும் குறுங்கோளிலிருந்து வருவதாகக் கருதப்படும் சாதாரண இனம் என்று எழுதி வைத்துவிட்டார்கள். ஒன்பது ஆண்டுகள் அந்தச் சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது. டையோஜெனைட்டுகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த டேவிட் மிட்டில்ஃபெல்ட், 1993இல் தம் கையிலிருந்த துண்டின் கனிமங்கள் அந்த இனத்துக்குப் பொருந்தவில்லை என்று கண்டபோதுதான் தவறு வெளிப்பட்டது.

அது செவ்வாயின் கல். அதுவும் மற்ற செவ்வாய்க் கற்களைப் போல் இளையது அன்று. 400 கோடி ஆண்டுகளைத் தாண்டியது, செவ்வாயில் நீர் ஓடிய காலத்தைக் கண்டது. அதன் விரிசல்களில், நீர் ஊறிச் சென்ற இடங்களில் படியும் கார்பனேட் கனிமம் செம்மஞ்சள் நிறச் சிறு மணிகளாகப் படிந்திருந்தது. அந்த மணிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த டேவிட் மெக்கேயின் குழு, அங்கே தென்பட்ட புழு போன்ற வடிவங்களையும் காந்தத் துகள்களையும் என்னவென்று சொல்வது எனத் தெரியாமல் இரண்டாண்டுகள் வெளியே பேசாமல் இருந்தது. 1996 ஆகஸ்டு 7 அன்று அமெரிக்க அதிபரே தொலைக்காட்சியில் தோன்றி அந்தக் கல்லைப் பற்றிப் பேச வேண்டிய நிலை வந்தது.

மர்ச்சிசன் கல்லில் உயிரின் மூலப்பொருள் உயிரில்லாமலே விளைந்திருந்தது. வைக்கிங்கின் மண்ணில் உயிரின் செயலை வேதியியல் நடித்துக் காட்டியது. அப்படியானால், ஆலன் குன்றுகளின் கல்லில் டேவிட் மெக்கேயின் குழு கண்டவை செவ்வாயின் உயிர் விட்டுச்சென்ற சுவடுகளா, இல்லை மூன்றாம் முறையாகவும் வேதியியல்தானா?

(தொடரும்)